முடிச்சுக்குக் கீழே

இஞ்சாருங்கோ,

கையை இரண்டு தரம் கழுவிவிட்டேன். பழப்புளியும் பித்தளைக் களிம்பும் கலந்த வாசம் விரலிடுக்கில் அப்படியே நிற்கிறது. மத்தியானம் சோறு பிசைந்தபோதும் அதுதான் மணத்தது. பங்குனி பிறந்தால் இந்த வீட்டில் வருகிற வாசம் இது. நீங்கள் போய் ஏழு மாதம். இந்த வருடம் புளி கரைத்தது நான்.

உங்கள் பித்தளைப் பூவைத்தான் சொல்கிறேன். சாக்கில் சுற்றி அலுமாரிக்கு மேலே நீங்கள் வைத்த இடத்திலேயே இருந்தது. கதிரை போட்டு ஏறி இறக்கினேன். "விழுந்து காலை முறிச்சுப் போடாதையும்" என்று நீங்கள் கீழே நின்று சொல்வது போலவே இருந்தது. விழவில்லை, பயப்படாதேங்கோ. குசினி வாசலில் குந்தியிருந்து, புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் பீச்சும் முப்பத்திரண்டு துளைகளையும் ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். பன்னிரண்டாவது துளை வழக்கம் போலச் சண்டை பிடித்தது. அதற்கு நீங்கள் என் பெயரை வைத்திருந்தீர்கள். "அடைச்சால் லேசிலை திறவாது, திறந்தால் மூடாது" என்று சொல்லிவிட்டு என் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பீர்கள். நான் சாம்பல் கையோடு எழும்பி வருவேன், நீங்கள் முற்றத்துக்கு ஓடுவீர்கள்.

இன்று காலை கேணியடியில் ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதை உங்களிடம் சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் வேறு யாரிடம் சொல்வேன்? ஆனால் முதலில் இருந்து தொடங்கினால்தான் எனக்கு வரும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், கேளுங்கோ. இருந்த காலத்திலும் நான் கதைக்கத்தானே நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு தெற்கில் இருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கி, எப்படியோ ஊர் வந்து சேர்ந்தீர்கள். பதினெட்டு வருடம் பாடுபட்டு நடத்திய சாப்பாட்டுக்கடை ஒரு பின்னேரத்தில் எரிந்து போயிருந்தது. ஒழுங்கை முகப்பில் நீங்கள் வருவதைக் கண்டு ஓடி வந்தேன். தாடி, கிழிந்த சேட்டு, தோளில் ஒரு சாக்கு. உடுப்பாவது இருக்கும் என்று சாக்கை அவிழ்த்தால், கடைவாசல் தொட்டியில் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்த அந்தப் பித்தளைப் பூ! மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போனபோது ஏலத்தில் எடுத்தேன் என்று முன்னொரு தரம் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள்.

"உங்களுக்கு விசரோ?" என்று கேட்டேன். "எரியிற கடைக்குள்ளை இருந்து இந்தக் கோதாரி விழுந்ததையோ தூக்கிக்கொண்டு ஓடி வந்தனீங்கள்?"

"கையிலை பட்டது இதுதான்," என்றீர்கள். "நெருப்பை நூக்கத் தண்ணி அள்ளுவம் எண்டு தொட்டியடிக்கு ஓடினனான். அங்கை நிக்கேக்கை ஆக்கள் வந்திட்டினம்."

உயிரோடு வந்த மனிசனிடம் முதலில் கேட்கிற கேள்வியா அது? அழுதிருக்க வேண்டும். ஒரு கோப்பை தேத்தண்ணியாவது கொடுத்திருக்க வேண்டும். எனக்கு எப்போதும் வாய்தானே முன்னுக்கு வரும்.

அதன் பிறகு ஒன்பது மாதம் நீங்கள் படலைக்கு வெளியே கால் வைக்கவில்லை. ஊரார் பழைய பழக்கத்தில் "முதலாளி நிக்கிறாரோ?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நீங்கள் எழும்பி அறைக்குள் போய்விடுவீர்கள். கோயில் மணி கேட்டால் இருந்த இடத்தில் இருந்தே கும்பிடுவீர்கள். சாப்பிடுங்கோ என்றால் சாப்பிட்டீர்கள், படுங்கோ என்றால் படுத்தீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை என்று நான் வேண்டுமென்றே கறிக்கு உப்புப் போடாமல் விட்டும் பார்த்தேன். நீங்கள் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினீர்கள்.

பங்குனி வந்தது. பத்து நாள் திருவிழாவில் மூன்றாம் நாள் என் சீதனத்தோடு வந்த எங்கள் உபயம். நாலாம் நாள் மச்சாள் வீட்டாருடையது. என் அண்ணையின் பெண்சாதி, ஆனாலும் திருவிழா என்று வந்தால் அவ வேறு நாடு, நான் வேறு நாடு. நாங்கள் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் அவர்கள் மூன்று கூட்டம் பிடிப்பார்கள். நாங்கள் மோர்ப்பந்தல் போட்டால் அவர்கள் சர்க்கரைத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அந்த வருடம் எங்களால் ஒரு மேளத்துக்கும் வழியில்லை. "திருவிழாவை இந்த முறை ஆருக்கும் விட்டுக் குடுப்பமோ?" என்று கோயில் மணியகாரர் படலையில் நின்று மெதுவாகத்தான் கேட்டார். நான் அவருக்கு முன்னால் அழுதுவிட்டேன்.

அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் உங்களைக் காணவில்லை. படலை திறந்து கிடந்தது. ஓடி வந்தேன். நீங்கள் கோயில் கேணிப் படியில் குந்தியிருந்தீர்கள்.

"இஞ்சை வந்து பாரும்," என்றீர்கள். "மீனெல்லாம் மேலை வந்து வாயைத் திறந்துகொண்டு நிக்குது. தண்ணிக்கு மூச்சில்லை."

ஒன்பது மாதத்தில் நீங்கள் தானாகக் கதைத்த முதற் கதை அது. பங்குனி வெயிலில் கேணி அரைவாசி வற்றி, பச்சை பிடித்து, நாற்றமெடுத்துக் கிடந்தது. தண்ணீரை எடுத்து மேலே வீசி விழவிட்டால் காற்றுக் கலக்கும், மீன் பிழைக்கும், நாற்றமும் போகும் என்று சொன்னீர்கள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "மேளம் பிடிக்க ஏலாது. எங்களிட்டைப் பூ இருக்குது" என்றீர்கள். நான் உங்கள் தலையில் கையை வைத்துப் பார்த்தேன், காய்ச்சலோ என்று.

திருவிழாவுக்கு முந்திய பத்து நாளும் நாங்கள் இரண்டு பேரும் எப்படி மாய்ந்தோம்! பாசி வாரினோம். சருகு அரித்தோம். அண்ணையின் புகையிலைத் தோட்டத்து இறைப்பு மெசினைக் கேட்டு வாங்கினோம். தேய்ந்த செருப்புத் தோலில் வட்டம் வெட்டி நீங்கள் குழாய் மூட்டுக்குப் போட்டீர்கள். முப்பத்திரண்டு துளையில் பாதி நீங்கள், பாதி நான். மெசினை மேற்குப் படியில் பூவரசுக்குப் பின்னால் வைத்து, பூவைக் கேணி நடுவில் ஒரு கல்லில் நிறுத்தினீர்கள். தண்ணீரை உறிஞ்சுகிற றப்பர் குழாயின் வாயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். அந்தக் கயிற்றில் முடிச்சுப் போட்டது நான்.

எங்கள் தீவுத் தண்ணீர் அப்படி. நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை போலத்தான் கிடக்கும். மேலால் எடுத்தால் நல்லது வரும், கீழே கிண்டினால் உப்பு வரும். அதனால் பங்குனியில் எல்லாக் கிணற்றுக் கயிற்றிலும் ஒரு முடிச்சு விழும். அதைத் தாண்டிக் கயிறு விடுகிறவளைக் கிணற்றடியிலேயே வைத்துக் கிழித்துவிடுவோம். அதில் என் வாய்தான் பெரிய வாய். நீங்கள் குடாநாட்டுச் செம்மண்காரர். ஆழத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிற ஊர். ஆனபடியால் உங்களை நிற்க வைத்துப் பாடம் எடுத்தேன்.

"உந்த முடிச்சுக்குக் கீழை ஒரு விரற்கடை போனாலும் பிறகு என்னோடை கதைக்கப்படாது. கேணிக்கும் பக்கத்துக் கிணத்துக்கும் ஒரே ஊத்து. ஊர் குடிக்கிற தண்ணி."

"ஓம், ஓம். விளங்குது," என்றீர்கள்.

உங்களுக்கு விளங்கியிருந்தது. அதைத்தான் இவ்வளவு வருடமும் நான் ஊருக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், வெயில் சாய்கிற நேரம். கேணியைச் சுற்றி ஊரே நின்றது. நீங்கள் மெசினை இழுத்தீர்கள். இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது. பூவின் தலையில் முதலில் துப்பல் போல வந்து, பிறகு ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, குடை விரித்தது போல விழுந்தது. குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு படியால் இறங்க, தாய்மார் இழுத்துப் பிடித்தார்கள். மணியகாரர் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தூவானத்தில் தானே போய் நின்றார்.

அரை மணித்தியாலம் இருக்கும். காற்று எழும்பியது. விழுகிற தண்ணீரைக் காற்று அள்ளிக் கேணிக்கு வெளியே கொட்டியது. வற்றிய கேணிதானே, மட்டம் இறங்கிக் குழாயின் வாய் மேலே வந்துவிட்டது. பூ இருமியது. ஒருக்கால் எழும்பும், ஒருக்கால் படுக்கும். யாரோ சிரித்தார்கள். மச்சாள் எனக்குப் பக்கத்தில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்ன மச்சாள், உங்கடை முதலாளியின்ரை பூ வாடிப் போட்டுது?" என்றா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். அறைக்குள் எழும்பிப் போகிற அந்த முகம் திரும்ப வந்துவிட்டது. "காணும், நிப்பாட்டுவம்" என்று குனிந்தீர்கள். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேற்குப் படியால் இறங்கினேன். சனம் முழுக்கப் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பூவரசு மறைவில் நான் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை விட்டேன். குழாய் அடியில் ஊற்றுக்கண் பள்ளம் வரைக்கும் போய்ச் சேர்ந்ததைக் கையால் உணர்ந்தேன். நீங்கள் கையை ஆட்டி ஏதோ சொன்னீர்கள். மெசின் சத்தத்தில் கேட்கவில்லை. சரியாகச் சொன்னால், கேட்காதது போல நின்றேன்.

பூ எழும்பியது. முன்னைவிட உயரமாக, ஒரு தரமும் இருமாமல். நீங்கள் நிமிர்ந்து அதைப் பார்த்தீர்கள். கடை எரிந்த பிறகு உங்கள் முகத்தில் நான் சிரிப்பைக் கண்டது அப்போதுதான். அதைக் கண்ட பிறகு எந்தக் கையால் திரும்ப முடிச்சுப் போடுவேன்? நீங்களும் மெசினை நிப்பாட்டவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை.

நாலாம் நாள் மச்சாள் வீட்டாரே, "எங்கடை திருவிழாவுக்கும் பூவை விடச் சொல்லுங்கோ" என்று ஆள் அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை. முடிச்சைப் பிறகு போடலாம் என்று அன்றும் விட்டேன். ஐந்தாம் நாள் காலை சிவப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். மாடு வாளிக்குள் வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பியது. ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். உவர்த்தது. கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு துப்பிக்கொண்டு நின்றார்கள்.

அன்று பின்னேரம் கோயில் வீதியில் ஊர் கூடியது. அண்ணை கூடக் கோபத்தோடு நின்றார். "குழாயை ஆர் அடிமட்டும் இறக்கினது?" என்று மணியகாரர் கேட்டார்.

நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். "நான்" என்று சொல்ல ஒரு சொல்தான் வேண்டும். எந்த நேரமும் திறந்திருக்கிற வாய் அன்று திறக்கவில்லை.

நீங்கள் எழும்பினீர்கள். "இறக்கினது நான்தான்," என்றீர்கள். "தெற்கிலை இருந்த பழக்கம். எனக்கு இந்த ஊர்த் தண்ணி தெரியாது. மழை பெய்யும் மட்டும் ஊருக்குக் குடிக்கிற தண்ணி நான் கொண்டு வந்து தாறன்."

வீட்டுக்கு வந்ததும் படலையைச் சாத்திவிட்டு உங்கள் மேல் பாய்ந்தேன். பிழை விட்டவள் நான், கத்தினதும் நான்! "ஏன் அப்பிடிப் பொய் சொன்னனீங்கள்? உங்களை ஆர் கேட்டது?"

நீங்கள் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டீர்கள். "இது நீர் பிறந்த ஊர். நீர் இந்தக் கிணத்தடிக்குத்தான் நாளைக்கும் போகவேணும்," என்றீர்கள். "நான் ஒருக்கால் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன். எனக்கு இது பழகிப்போச்சுது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அன்று அழுதது உங்களுக்காக என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், பாதி அழுகை தப்பிவிட்டேன் என்ற ஆறுதலில் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

அண்ணையின் மாட்டு வண்டியில் இரண்டு பீப்பாவைக் கட்டிக்கொண்டு விடியலில் வெளிக்கிடுவீர்கள். மண்கும்பான் மணற்கிணற்றில் அள்ளி நிரப்பி, வெயில் ஏறுமுன் திரும்பி வந்து, வீடு வீடாகப் படலையில் நின்று கூப்பிடுவீர்கள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று மழை விழும் வரைக்கும். தோளில் தோல் உரிந்தது. சில வீடுகளில் வாங்க மாட்டார்கள். மச்சாள் நீங்கள் ஊற்றிய குடத்தை உங்கள் கண் முன்னாலேயே முற்றத்தில் கவிழ்த்தா. நீங்கள் அடுத்த நாளும் போனீர்கள். ஒரு நாள் வண்டியோடு நீங்கள் திரும்பி வரும்போது ஒழுங்கையில் யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்த சத்தம் கேட்டது. குசினிக்குள் நின்று அதைக் கேட்டேன். யாரும் உங்களை முதலாளி என்று கூப்பிடுவதை விட்டிருந்தார்கள். "அண்ணை, நாளைக்கு எங்களுக்கு ஒரு குடம் கூட வேணும்" என்று உரிமையோடு கேட்டார்கள்.

இரண்டு மாரி கழிந்த பிறகுதான் கேணி முழுக்கத் தேறியது. நீங்கள் சும்மா இருக்கிற ஆளா? மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை ஈயம் வைத்து அடைத்து மிதக்கவிட்டீர்கள். அதில் இருந்து ஒரு சாண் கயிற்றில் குழாயின் வாய் தொங்கியது. தண்ணீர் இறங்கினால் தகரமும் இறங்கும். குழாய் ஒருநாளும் மேல்தண்ணீரை விட்டுக் கீழே போகாது. மணியகாரர் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் ஓம் சொன்னார். திருவிழாவுக்காக இல்லை, மீனுக்காக. பங்குனி சித்திரையில் காற்று எழும்ப முன் விடியலில் அரை மணித்தியாலம். அதற்குப் பிறகு கேணி நாறியதில்லை, மீன் செத்து மிதந்ததும் இல்லை.

ஆனால் ஒன்று. வருடா வருடம் எல்லாவற்றையும் நீங்களே பூட்டிவிட்டு, அந்த ஒரு சாண் கயிறு வந்ததும் கையை எடுத்துவிடுவீர்கள். என்னைக் கூப்பிட்டு, "நீர் கட்டும்" என்பீர்கள். முதல் சில வருடம் குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்து எரிச்சலோடு கட்டினேன். ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டும் விட்டேன். "நீர் கட்டினால் எனக்குப் பயமில்லை" என்றீர்கள். கயிற்றை வாங்கிக் கட்டினேன். கட்டி முடித்து, மெசின் நின்ற பிறகு, ஒருவரும் பாராத நேரம் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்ப்பேன். நீங்கள் வேறு பக்கம் பார்ப்பீர்கள்.

ஆவணியில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் இருந்து உங்களைக் கொண்டு வந்தோம். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று உங்கள் பேரில் ஒரு பாட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும் என்று பாட்டு எழுதுகிறவர் வந்து, உங்கள் சரித்திரம் எல்லாம் கேட்டுக் கொப்பியில் எழுதினார். கடைசியில், "அந்தக் கேணி விசயத்தையும் சேர்க்கட்டோ, அக்கா? தன்ரை பிழையை ஒத்துக்கொண்டு ஊருக்குத் தண்ணி காவின மனிசன் எண்டு நாலுபேர் அறியட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

நான் "ஓம்" என்றேன்.

இரண்டாம் தரம். முதல் தரமாவது பயம். இந்தத் தரம் எனக்கு என்ன பயம்? நீங்கள் இல்லை, சீதனமும் திருவிழாவும் யாருக்கு வேண்டும்? ஆனாலும் ஓம் என்றேன். அச்சடித்து வந்தது. உங்கள் படத்துக்கு நாலு பக்கம் தள்ளி, அறியாமையால் ஊர்த் தண்ணீரை உவராக்கிய பழியை உழைப்பால் துடைத்தவர் என்று பாட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று ஒருவர் அதை ராகத்தோடு படித்தார். சனம் கண்ணைத் துடைத்தது. நான் உங்கள் படத்தைப் பார்க்க ஏலாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்த ஏழு மாதமும் அந்தப் புத்தகத்தைப் பெட்டகத்தில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இனி இன்று காலை.

வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும் மட்டும் நான் கோயிலுக்குள் போகக் கூடாது. கேணிக்குப் போகக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. பூவைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனேன். அண்ணை மெசினோடு வந்திருந்தார். அவருக்கும் இப்போது முழங்கால் ஏலாது. புது மணியகாரர் வந்தார், பழையவரின் மகன்தான். குடத்தோடு ஏழெட்டுப் பெண்கள். மச்சாள் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து படியில் நின்றா. உங்கள் தகரத்தையும் குழாயையும் நான் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டா.

"பாவம் அந்த மனிசன்," என்றா. "ஒருக்கால் தெரியாமல் விட்ட பிழைக்கு எத்தினை வருஷம் மாய்ஞ்சவர்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை என்னால் பொறுக்க முடியவில்லை.

"தெரியாமல் விட்டது அவர் இல்லை," என்றேன். "தெரிஞ்சு விட்டனான் நான். குழாயை இறக்கினது நான்தான்."

அண்ணை மெசினில் இருந்து கையை எடுத்தார். "என்ன கதை கதைக்கிறாய்?" என்றார்.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். முடிச்சுப் போட்டதும் நான், உங்களுக்குப் பாடம் எடுத்ததும் நான், அவிழ்த்ததும் நான். "நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள், மச்சாள். எனக்கு அது பொறுக்கேலாமல் போச்சுது. அதுக்காக நான் செய்தது சரி எண்டு சொல்லேல்லை."

"அப்ப இருவத்திரண்டு வருஷமா ஏன் சொல்லேல்லை?" என்று புது மணியகாரர் கேட்டார். தகப்பனைப் போலவே குரல்.

நீங்கள் சொல்ல விடவில்லை என்று சொல்லலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. பாருங்கோ, செத்த பிறகும் உங்கள் தலையில் போடத்தான் எனக்கு முதலில் தோன்றுகிறது! விழுங்கிவிட்டேன். "அவர் தடுக்கேல்லை. எனக்கு மனம் வரேல்லை. அவ்வளவுதான்," என்றேன்.

ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பாராமல் போனாள். அவளின் தாய் அந்த வருடம் பிள்ளை பெற்ற கையோடு நல்ல தண்ணீருக்கு அலைந்தவ. போகட்டும், அது அவளின் நியாயம். மச்சாள் பொல்லைக் கீழே வைத்துவிட்டு மெல்லப் படியில் இருந்தா. வாய்க்குள் சொல்வது போலச் சொன்னா.

"அந்த மனிசன் கொண்டு வந்த தண்ணியை நான் முத்தத்திலை கவிட்டனான். ரண்டு நாள் கவிட்டனான். மூண்டாம் நாளும் கொண்டு வந்து வைச்சிட்டு, 'சுகமா இருக்கிறியளோ' எண்டு கேட்டிட்டுப் போனவர்."

அவ அழுததை நான் என் கலியாணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் கண்டேன். திருவிழாவுக்குத் திருவிழா என்னோடு போட்டி போட்ட மனிசி. நானும் பக்கத்தில் போய் இருந்தேன். கேணியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. அவற்றுக்கு எங்கள் கதை எதுவும் தேவையில்லை.

"வெயில் ஏறுது," என்றார் மணியகாரர். "இனிக் குழாயை ஆர் கட்டி விடுறது?"

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கேட்க எனக்கு என்ன உரிமை? இந்த ஊர்த் தண்ணீருக்கு மேல் இனி என் கையை விடுவார்களா என்று நினைத்தபோது, அந்த ஒரு சாண் கயிறு எனக்கு எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று விளங்கியது. அந்தக் கயிற்றை எடுத்தது மச்சாள். ஒரு நுனியைத் தன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மற்ற நுனியை என்னிடம் நீட்டினா.

"நீர் கட்டும்," என்றா. "நான் பிடிக்கிறன்."

உங்கள் சொல். அவவுக்கு அது தெரியாது.

கட்டினேன். இரண்டு தரம் வழுகியது, மூன்றாம் தரம் இறுகியது. அண்ணை மெசினை இழுத்தார். பூ எழும்பி விழுந்தது. மீன்கள் எல்லாம் தூவானத்துக்குக் கீழே போய்க் கூடின. பன்னிரண்டாவது துளையும் நன்றாகத் திறந்திருந்தது.

கல்வெட்டில் அடித்ததை இனி அழிக்க ஏலாது. பாட்டு எழுதியவரிடம் போய் விசயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ஆட்டைத் திவசத்துக்கு ஓர் ஒற்றைத் தாள் அடித்து எல்லா வீட்டுக்கும் கொடுக்கப் போகிறேன். குழாயை இறக்கியது அவர் இல்லை, அவரின் பெண்சாதி என்று மட்டும் இருந்தால் போதும். ராகம் போட்டுப் படிக்க ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். ஊரில் சிலர் இனி அப்படித்தான் பார்ப்பார்கள். நீங்கள் இருபத்திரண்டு வருடம் தோளில் காவினதில் மிச்சத்தை நான் காவுகிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மெசின் நின்று, சனம் போன பிறகு, வழக்கம் போல ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டேன். உவர்த்தது. முடிச்சைத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது, முகம் முழுக்கக் கண்ணீர். சேலைத் தலைப்பால் நன்றாகத் துடைத்துவிட்டு இன்னொரு கை அள்ளிக் குடித்தேன்.

நல்ல தண்ணிதான், இஞ்சாருங்கோ.